கடைசிச் சீட்டு

கையை விரி, கையை விரிடி என்று மெஹருன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறாள், நான் விரிக்கவில்லை, விரல்களுக்கு நடுவே சூடாக ஒழுகி முழங்கை வரைக்கும் வந்துவிட்டது, அது என் இரத்தம் இல்லை, குணவதி அக்காவின் காதிலிருந்து வந்தது, அவள் எதிரே தெருவில் உட்கார்ந்திருக்கிறாள், இடது காது மடல் நடுவில் பிளந்து இரண்டாகத் தொங்குகிறது, அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, என்னையே பார்க்கிறாள், தோல் கிழிந்தால் சத்தம் வரும், பதினாறு வருடமாக ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன், ஆட்டுத்தோலுக்கு ஒரு சத்தம், மாட்டுத்தோலுக்கு ஒரு சத்தம், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், காது கிழிந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை, வந்திருந்தால் விட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பொய், விட்டிருக்க மாட்டேன்.

நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அப்படிப்பட்டவள்தான், சம்பளம் ஏறிய அன்றே மொத்தத்தையும் ஏடிஎம்மிலிருந்து உருவிக்கொண்டு வந்து, கம்பெனியில் தூக்கிப் போடும் ஷூ டப்பாக்களில் பிரித்துப் போடுவேன், ஒன்று வாடகை, ஒன்று கேஸும் கரண்டும், ஒன்று பால், மளிகை, இன்னொன்றின் மேல் என் மகள் பெயர், சங்கவி, அவளை நர்சிங் படிக்க வைக்க வேண்டும், என்னைப் போலப் பசை நாற்றத்தில் அவள் மூச்சு வீணாகக் கூடாது, அவ்வளவுதான் என் திட்டம், அந்த டப்பாவில் கை வைத்தால் எலும்பை ஒடிப்பேன் என்று சொல்லியிருந்தேன், சொன்னதைச் செய்தேன், என் வீட்டுக்காரர் ஏழுமலை அதிலிருந்து நானூறு ரூபாய் எடுத்துக் குடித்துவிட்டு வந்த அன்று கையில் அகப்பட்டது ஷூ செய்கிற மரக் கால் அச்சு, ஓங்கிப் போட்டேன், தோள்பட்டை எலும்பு முறிந்தது, ஐயோ கொல்றாளே என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார், கத்துய்யா, நல்லா கத்து, எம்பொண்ணு படிப்புல கை வெச்சா இன்னொரு தோளும் போவும் என்றேன், மாவுக்கட்டுக்கு மூவாயிரத்து இருநூறு ஆனது, அதையும் சங்கவி டப்பாவிலிருந்துதான் எடுத்தேன், என் சேமிப்பு லட்சணம் இது, வீட்டில் பணம் இருந்தால் என்றைக்காவது கொலை விழும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், பணம் வெளியே ஒரு நல்ல கையில் இருக்கட்டும் என்று குணவதி அக்காவிடம் போனேன்.

குணவதி அக்கா எங்கள் தெருக்கோடியில் இருந்தாள், புருஷன் செத்தவள், மூன்று ஏலச்சீட்டு நடத்தினாள், என்னுடையதில் இருபது பேர், மாதம் மூவாயிரம், அவசரக்காரர்கள் ஐயாயிரம் பத்தாயிரம் தள்ளிவிட்டு முன்னாலேயே எடுத்துக்கொள்வார்கள், பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவளுக்குத் தள்ளுபடி இல்லாமல் முழுசாக அறுபதாயிரம், முதல் நாளே சொல்லிவிட்டேன், எனக்குக் கடைசிச் சீட்டுதான்க்கா, சங்கவி பன்னெண்டாவது முடிக்கறதுக்கும் அதுக்கும் சரியா இருக்கும், காலேஜ் ஃபீஸே அறுபதாயிரம்தான், அவள் சிரித்தாள், உன்ன மாதிரி கணக்கு போடுறவ இந்தத் தெருவுலயே இல்லடி என்றாள், எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, பத்தொன்பது மாதம் ஒவ்வொருத்தியாக எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், டைபாய்டு வந்தபோது எடுக்கவில்லை, மழையில் சுவர் விழுந்தபோது எடுக்கவில்லை, ஸ்கூல் டூருக்கு முந்நூறு கேட்டு சங்கவி அழுதபோது கன்னத்தில் ஐந்து விரலும் பதிய அறைந்தேன், உனக்காகத்தான்டி எல்லாம், உனக்காகத்தான்டி என்று சொல்லிக்கொண்டே இன்னொன்றும் வைத்தேன், முன்னால் எடுத்தவள் கட்டாமல் போனால் கடைசியில் நிற்கிறவள் தலையில்தான் விடியும் என்பது மட்டும் என் கணக்கில் வரவே இல்லை.

இருபதாவது மாதம், காலேஜில் பணம் கட்ட இன்னும் இரண்டே நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா வீடு பூட்டியிருக்கிறது, முந்தின நாளும் பூட்டித்தான் இருந்தது, போன் சுவிட்ச் ஆஃப், நடுத்தெருவில் நின்று கத்தினேன், குணவதி ஓடிப்போய்ட்டா, நம்ம பணத்தையெல்லாம் சுருட்டிக்கினு ஓடிப்போய்ட்டா, பக்கத்து மிஷினில் தைக்கும் மெஹருன்தான் முதலில் ஓடி வந்தாள், பத்து நிமிடத்தில் நாற்பது பேர், முதல் கல்லை யார் போட்டார்கள் என்று தெரியாது, இரண்டாவது நான், யாரோ கடப்பாரை கொண்டு வந்தார்கள், கதவு சட்டத்தோடு பெயர்ந்து விழுந்தது, மிக்ஸியை ஒருத்தி தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், ஃபேனை இறக்கி இறக்கைகளை ஒருத்தியும் மோட்டாரை ஒருத்தியும் பிடித்து இழுக்கிறார்கள், சிலிண்டருக்காக இரண்டு பேர் முடியைப் பிடித்துக்கொண்டு உருளுகிறார்கள், டிவி கைதவறி விழ அதை மிதித்தே நொறுக்கினார்கள், நான் கடப்பாரையால் பீரோவைக் குத்துகிறேன், தகரம் மடங்கித் திறந்தால் உள்ளே வெறும் புடவைகள், புடவைகளையும் குத்துகிறேன், எத்தனை குத்து என்று தெரியாது, கை ஓயவில்லை, அப்போதுதான் வெளியே வந்துட்டா வந்துட்டா என்று சத்தம் கேட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து அவள் வருகிறாள், அக்குளில் ஒரு கறுப்புப் பை, இன்னாடி பண்றீங்க என் வீட்ட, இன்னாடி என்று ஓடி வருகிறாள், அவள் சொன்னதை யார் கேட்டார்கள், முதுகில் விழுந்தது, வயிற்றில் விழுந்தது, பையைப் பிடுங்கியதில் ஜிப் தெறித்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் சாக்கடை வரைக்கும் சிதறின, எல்லாரும் குனிந்தார்கள், அவள் அடி வாங்கிக்கொண்டே என்னைக் கை காட்டிக் கத்தினாள், அது அவ பணம்டி, கடைசிச் சீட்டுப் பணம், ரோஸி எடுத்துட்டு கட்டாம ஓசூருக்குப் போய்ட்டா, ரெண்டு நாளா அவ வாசல்லயே குந்திக்கினு வாங்கியாந்தேன், அந்தப் பொண்ணு படிப்புக்குடி, தொடாதீங்கடி என்றாள், என் பணம், என் சங்கவியின் பணம், நான் குனிந்து பார்த்தபோது தெருவில் ஒரு நோட்டுகூட மிச்சமில்லை, நான் போட்ட கூச்சலுக்கு வந்தவர்கள் என் பணத்தையே வாரிக்கொண்டு போய்விட்டார்கள், நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும், பாவி நான் விழவில்லை, போன ஏன்டி ஆஃப் பண்ண, ஏன்டி ஆஃப் பண்ண என்று முடியைப் பிடித்து அவள் தலையைத் தரையில் மோதினேன், சார்ஜ் இல்லடி, சார்ஜ் இல்லடி என்றாள், என் கண் அவள் காதில் நின்றது, கம்மல், ஒற்றையே அரைச் சவரன் தேறும், இழுத்தேன்.

மறுநாளே அதைக் கடையில் போட்டேன், தராசில் வைப்பதற்கு முன்னால் அந்த ஆள் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினான், இன்னாம்மா இது என்றான், மருதாணி என்றேன், என் கண்ணெதிரே உருக்கினான், முதல் தவணைக்குச் சரியாக இருந்தது, மற்ற தவணைகளுக்கு ஓவர்டைம் பார்த்தே முதுகெலும்பு தேய்ந்தது, அக்கா போலீசுக்குப் போகவில்லை, ஊருக்கு வெளியே ஒரு ஓட்டலில் வெங்காயம் உரிக்கிறாள் என்று சொன்னார்கள், மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது வரிசையாக வரும் தோல்களில் ஒன்று மட்டும் மெல்லிசாக, சூடாக, நடுவில் ஓட்டையோடு வருகிறது, ஊசியை இறக்குகிறேன், தைக்கத் தைக்கப் பிளக்கிறது, சூப்பர்வைசர் டார்கெட் டார்கெட் என்று கத்துகிறார், அக்கா எதிரே உட்கார்ந்து, நல்லா தையேன்டி, பதினாறு வருஷமா இதத்தானே செய்யற என்கிறாள், நிமிர்ந்தால் எதிரே சுவர், கையில் சாதாரண ஆட்டுத்தோல், இப்படியே ஐந்து வருடம் ஓடிவிட்டது, சங்கவி படித்து முடித்து வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், தையில் கல்யாணம், என் திட்டம் ஒரு பைசா பிசகாமல் நடந்துவிட்டது.

இன்றைக்குக் காலையில் குணவதி அக்கா வாசலில் வந்து நிற்கிறாள், சங்கவிதான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வருகிறாள், பெரிம்மா, காத இன்னும் தைக்காமயா இருக்கீங்க, எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க, அரைமணி நேர வேல, டாக்டராண்ட நான் சொல்றேன், அன்னிக்கு கூட்டத்துல யாரோ இழுத்துட்டாங்கன்னு அம்மா சொல்லிச்சி, அக்கா என்னைப் பார்த்தாள், ஆமாம்மா, யாரோ என்றாள், சங்கவி டீ போட உள்ளே போனதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து என் கையைப் பிடித்து அதில் வைத்தாள், வலது காதின் கம்மல், மத்தவங்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அடச்சிட்டேன், உன் சீட்டு ஒண்ணுதான் நிக்குது, அந்தக் காது கம்மல் உன்னாண்ட கீதே, இதையும் வெச்சிக்கோ, பொண்ணுக்கு ஜோடியா போட்டு அனுப்பு, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, எடுத்துக்கினு போடி, யாருக்குடி பிச்ச போடுற, போடி என்று கத்தி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன், கதவில் இடித்துக்கொண்டாள், புடவையைச் சரி செய்துகொண்டு படியிறங்கினாள், இரண்டு காதும் மொட்டை, ஒன்று முழுசு, ஒன்று பிளந்தது, அக்கா என்று கூப்பிட வாய் திறக்கிறேன், சத்தமே வரவில்லை, கை தானாக இறுகுகிறது, திருகு இல்லாத கம்மல், தண்டு உள்ளங்கையில் ஏறுகிறது, இன்னும் இறுக்குகிறேன், டீயோடு வந்த சங்கவி டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருகிறாள், இன்னாம்மா வெச்சிக்கினு கீற, ரத்தம் வருது பாரு, கையை விரிம்மா, விரி என்று என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள், நான் விரிக்கவில்லை.