மேலே ஏறும் அருவி

1

இந்தக் கதை சிரிப்பில்தான் தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டாள் என்று என்மேல் பழி போடக் கூடாது.

நான் வீடியோக் கலை படிக்கிற மாணவி. சொந்த ஊர் தென்காசி. போன மாதம் வகுப்பில் ஒரு பழைய பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கூடத்தின் நடுவில் ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். அவள் உடம்பின்மேல் ஒரு படம் ஓடுகிறது. வந்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள், முடிந்ததும் கைதட்டுகிறார்கள். நான் பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க ஊருல இப்பிடி நின்னா சாமி வந்துருக்குன்னு குலவை போட்டுக் குறி கேட்டுருவாங்கட்டி" என்றேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

விடுதிக்குத் திரும்பும்போது பேருந்தில் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. சரி, கேட்டுவிட்டார்கள். அவள் என்ன சொல்வாள்?

2

முதல் தொடக்கம்: "1966ஆம் ஆண்டு ஆடி மாதம், குற்றால மலையிலிருந்து மெல்லிய சாரல்..."

வேண்டாம். சாரலில் தொடங்குகிற கதைகளை அடுக்கினால் ஐந்தருவிக்கே அணை கட்டிவிடலாம்.

இரண்டாம் தொடக்கம்: "ரெபேக்காளுக்குச் சிறு வயதிலிருந்தே படங்களின்மேல் ஒரு..."

இதுவும் ஆகாது. ஆனால் பெயர் கிடைத்துவிட்டது.

மூன்றாம் தொடக்கம்: ரெபேக்காள் குளிரில் நடுங்கினாள். எல்லாம் அதனால் வந்த வினை.

இது நிற்கட்டும்.

3

ரெபேக்காள் குத்துக்கல்வலசைக்காரி. சென்னையில் ஓவியம் படிக்கிறாள். கூடப் படிக்கிற மசூதும் தென்காசிதான். அவனுடைய மாமா கொழும்பிலிருந்து வரும்போது சின்னதாக ஒரு சினிமாக் கேமராவும், படம் காட்டுகிற புரொஜக்டரும் கொண்டு வந்திருந்தார். வெள்ளம் இறங்கும்போது ஐந்தருவியை இருவரும் படம் பிடித்தார்கள். ரெபேக்காளின் யோசனை இது: வெள்ளைச் சேலையில் தான் அசையாமல் நிற்க வேண்டும், மசூது அந்த அருவியைத் தன்மேல் ஓட்ட வேண்டும். இங்கே வீடியோ என்ற சொல்லே வராத காலம். தான் செய்யப்போவதற்கு என்ன பெயர் என்று அவளுக்கே தெரியாது.

[1966இல் ஒரு பெண்பிள்ளையும் ஆண்பிள்ளையும் தனியாக வந்திருப்பார்களா என்று கேட்பீர்கள். வரமாட்டார்கள். அவளுடைய அப்பா ஞானதுரை வாசலில் குடையோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையில் அவருக்கு வேறு வேலை கிடையாது.]

இடம், குற்றாலத்தில் ஒரு சத்திரத்துக் கூடம். அதைப் பார்த்துக்கொள்கிற நல்லக்கண்ணு அண்ணாச்சிக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"குடும்பக் கட்டுப்பாட்டுப் படமாலே?"

"இல்ல அண்ணாச்சி. தண்ணியப் பத்துன படம்" என்றான் மசூது.

"அப்பச் சரி. பொம்பளையாளுவளையும் வரச் சொல்லுதேன்."

4

படம் காட்டுகிற நாளுக்கு மறுநாள் ஆடி அமாவாசை. அருவியில் குளித்துவிட்டு, செத்துப்போன சொந்தக்காரர்களுக்குத் திதி கொடுக்க வந்த ஜனம் சத்திரம் முழுக்க நிறைந்திருந்தது. தேதியை மாற்றியிருக்கலாம். மாற்றாமல் விட்டது நான்தான், ரெபேக்காள் அல்ல.

அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தை மட்டும் பார்த்தால் போதும். சிவனணைந்தபெருமாள், அவர் மனைவி வள்ளித்தாய், மருமகள் வடிவம்மாள். மகன் சுந்தரபாண்டி பட்டாளத்தில் இருந்தான். போன வருஷம் பாகிஸ்தானோடு நடந்த சண்டைக்குப் பிறகு தந்தி வந்தது. செத்தான் என்று வரவில்லை, காணவில்லை என்று வந்தது. பொறுத்துப் பார்த்த பெருமாள், இந்த அமாவாசையில் திதி கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார். வள்ளித்தாய்க்கு மனம் ஒப்பவில்லை. திதி கொடுத்தால் வடிவம்மாளின் தாலியைக் கழற்ற வேண்டும். அவர்கள் பக்கம் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு, தாலி இறங்கிய பெண்ணை வேறொருவனுக்குக் கொடுக்கலாம். திதி கொடுக்காவிட்டால் வடிவம்மாள் இந்த வீட்டிலேயே, வராதவனுக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டு, இருக்க வேண்டியதுதான்.

வடிவம்மாளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை.

5

அந்தி சாய்ந்ததும் கதவைச் சாத்தினார்கள். ரெபேக்காள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒரு குடம் அருவித் தண்ணீரைத் தன்மேல் ஊற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஈரச் சேலையில் படம் நன்றாக விழும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. மசூது விளக்கை அணைத்து மெஷினைத் தட்டிவிட்டான். தலையிலிருந்து கால்வரை அவள்மேல் ஐந்தருவி கொட்டியது.

ஆடி மாதத்துக் காற்று ஜன்னல் வழியாக வந்தது. அசையக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். முதலில் தோள் உதறியது, பிறகு உடம்பு முழுவதும்.

பின்னாலிருந்து ஒரு குலவை. அதைத் தொடர்ந்து பத்துக் குலவை. நல்லக்கண்ணு அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தன்மேல் சாமி வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள் என்பது ரெபேக்காளுக்குப் புரிந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பெண் அவள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, பயத்தில் நடுக்கம் கூடியது, நடுக்கம் கூடக்கூடக் குலவையும் கூடியது.

வள்ளித்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"தாயி, எம்மவன் சுந்தரபாண்டி இருக்கானா இல்லையா? நாளைக்குத் திதி குடுக்கணும்னு சொல்லுதாவ. உசுரோட இருக்கவனுக்குத் திதி குடுத்தா அந்தப் பாவம் யாருக்கு? ஒரு வாக்கு சொல்லு தாயி."

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

6

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ. "இருக்கான்" என்கிறாள். வள்ளித்தாய் எழுந்து மருமகளைக் கட்டிக்கொள்கிறாள். வடிவம்மாள் அந்தப் பிடியில் இருந்தபடி... (இதற்குமேல் எழுத முடியவில்லை.)

ஆ. "இல்லை" என்கிறாள். ஒரு தாய்க்கு அவள் பிள்ளை செத்துவிட்டான் என்று, எதுவுமே தெரியாத ஓர் ஓவிய மாணவி சொல்கிறாள். எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

இ. "நான் ஞானதுரை மக ரெபேக்கா. இது வெறும் படம்" என்கிறாள். உண்மைதான். ஆனால் சாமி என்று கும்பிட்ட கூட்டம் ஏமாந்தோம் என்று தெரிந்ததும் யாரைத் தேடும்? இருட்டில் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற மசூதைத் தேடும். பெயரைக் கேட்பார்கள். அவன் பெயரைச் சொல்வான். அதற்கப்புறம் எனக்குக் கை ஓடவில்லை.

(அடிக்குறிப்பு: வகுப்பில், பார்வையாளர் பங்கேற்கும்போதுதான் நிகழ்த்துகலை முழுமை பெறுகிறது என்று எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கியவள் நான்.)

7

இதற்குள் ரீல் தீரப்போகிறது. தீர்ந்தால் வெறும் வெள்ளை வெளிச்சம் விழும். அதில் ஈரச் சேலையில் வெடவெடக்கிற ஒரு பெண்தான் தெரிவாள். மசூதுக்கு அது உறைத்தது. படம் முடியாமல் இருக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மெஷினின் பிடியைப் பின்பக்கம் தள்ளினான்.

ஐந்தருவி நின்றது. பிறகு மேலே ஏறியது.

ரெபேக்காளின் காலடியிலிருந்து தண்ணீர் எழும்பி, இடுப்பைத் தாண்டி, முகத்தைத் தாண்டி மலைக்குத் திரும்பிப் போயிற்று. யாரும் குலவை போடவில்லை. ஒருவர் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே பின்வாங்கினார். எனக்கும் இந்த இடம் பயமாகத்தான் இருக்கிறது, எப்படி நடக்கிறது என்று தெரிந்தும்கூட.

வள்ளித்தாய் மட்டும் பயப்படவில்லை.

"பாத்தியளா? போன தண்ணி திரும்புது. எம்மவன் திரும்பிருவான். திதி வேண்டாம்னு தாயி சொல்லிட்டா."

பெருமாள் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. வேண்டாம்" என்றார்.

ரெபேக்காள் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிழைத்தோம் என்று பேனாவை மூடப் போனேன்.

8

வடிவம்மாள் அருவியைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு பக்கம் பார்த்துக் கும்பிடும்போது அவள் திரும்பி, வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தாள். சுவரோரமாக நடந்து மெஷின்கிட்டே வந்துவிட்டாள். இதை நான் திட்டமிடவில்லை. அழுகிற மருமகளாக ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"நீங்கதான் தண்ணிய ஏத்துதியளா?"

மசூது கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "சத்தமாப் பேசாதீங்க. கொன்னுருவாங்க" என்றான்.

"இத நிப்பாட்டுனா என்ன ஆவும்?"

"பல்பு சூட்டுல பிலிம் கருகிரும். அந்தப் பிள்ளை மேலயே ஓட்டை விழுறது எல்லாருக்கும் தெரியும்."

"நிப்பாட்டலைன்னா?"

அவள் பிடியின்மேல் கையை வைத்தாள். தள்ளவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. புருஷன் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றும் அவள் வேண்டிக்கொண்டிருக்கலாம். அவளிடம் கேட்டிருக்க வேண்டியது ஒரு கேள்வி. கதை முழுக்க ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால், கேள்வி கேட்பதில் அவள் முந்திக்கொண்டாள். கேட்டது மசூதிடம் அல்ல.

"எழுதுதவளே, ஒன்னியத்தான். அவ நிக்கா, குளிருல நடுங்குதா, ரீலு முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிருவா. நீயும் எழுதி முடிச்சதும் போயிருவ. நான் எதுவரைக்கும் நிக்க?"

9

முடிவு எழுத மாட்டேன். சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பயம். நான் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் படம் இன்னும் கொஞ்சம் ஓடுகிறது, ஓடுகிறவரை அவள் அங்கேயே நிற்கிறாள்.

அதனால் நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பிடியில் இருப்பது இனி உங்கள் கை. தள்ளுவதற்கு முன்னால், வாசலில் ஞானதுரை இருக்கிறார், மசூதை அந்த வழியாக வெளியே அனுப்பிவிடுங்கள். பிறகு வடிவம்மாளிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.