இது எழுதறதுக்கு இல்ல

"நான் பேசறது எல்லாத்தையுமா எழுதிக்கிறே?"

'ஸ்பீக்கர்' என்று எல்லோரும் கூப்பிடும் வெளியூர் நிருபர் ஒருமுறை போனில் இப்படிக் கேட்டார். அவள் பேனாவை நிறுத்திவிட்டு, "இல்லண்ணே, செய்தியை மட்டுந்தான்" என்றாள். அதற்குள் அவர் கேட்ட கேள்வியையும் எழுதி முடித்திருந்தாள்.

அந்தச் செய்தித்தாள் அலுவலகத்தின் முதல் மாடியில், படிக்கட்டு ஏறியதும் ஒரு மேஜை இருக்கும். அதன்மேல் ஒரு போன், காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, ஒரு பழைய கம்ப்யூட்டர். கீழே, கதவு சரியாக மூடாத மர அலமாரி. பதினாறு வருடமாக அதுதான் அவள் இடம். வெளியூர் நிருபர்கள் போனில் செய்தி சொல்வார்கள். அவள் அதை எழுதி, ஒழுங்காக்கி, டைப் செய்து உள்ளே அனுப்புவாள். சம்பளப் பட்டியலில் அவள் தொலைபேசி உதவியாளர். அலுவலகத்தாருக்கு அவள் 'ஹலோ'. நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருகிற வார்த்தை அது ஒன்றுதான் என்று பிழை திருத்துகிற கமா வைத்த பெயர். கமாவே இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கி நின்று பேசுகிறவர். அதனால் அவருக்கு அந்தப் பெயர்.

ஒன்பதாம் வகுப்பில் அவளை எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளே பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வீட்டில் ஒரு வாரம் திட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இந்த அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாதான், "பொண்ணு பேச மாட்டா சார், எழுதச் சொன்னா கை நிக்காது" என்று சொல்லி அவளைச் சேர்த்துவிட்டாள்.

கை நிற்காது என்பது உண்மை. போனில் ஒருவர் பேச ஆரம்பித்தால், எது செய்தி எது சொந்தக் கதை என்று பார்க்க அவளுக்கு நேரம் இருக்காது. நோட்டின் இடது பக்கத்தில் எல்லாம் விழும். இருமல், பஸ் ஹாரன், 'டீ ஆறிடுச்சு', 'பொண்ணுக்குக் காய்ச்சல்' எல்லாமே. பிறகு நிதானமாக வலது பக்கத்தில் செய்தியை எழுதுவாள். வலது பக்கம் அச்சுக்குப் போகும். இடது பக்கம் அவளோடு அலமாரிக்குப் போகும். அப்படி முப்பத்தொரு நோட்டுகள் சேர்ந்திருந்தன. யாரிடமும் காட்டியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

இப்போதெல்லாம் நிருபர்கள் மொபைலிலேயே டைப் செய்து அனுப்பிவிடுகிறார்கள். போனில் சொல்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதில் முதல் ஆள் ஸ்பீக்கர். ஆற்றங்கரைப் பகுதியின் நிருபர். ரகசியம் பேசினாலே தெருக்கோடி வரை கேட்கிற குரல்.

"என் கட்டைவிரல் ஒரு தட்டு தட்டினா நாலு எழுத்து விழுது தங்கச்சி. நீ இருக்கிறவரைக்கும் எனக்கு எதுக்கு அந்த வம்பு?" என்பார்.

அலுவலகத்தில் அவளிடம் வேலையைத் தவிர வேறு பேசுகிற ஒரே மனிதர் அவர்தான். செய்தி முடிந்ததும் போனை வைக்க மாட்டார். மகளின் பரீட்சை, மனைவியின் கோபம், தன் முழங்கால் வலி என்று பேசிக்கொண்டே போவார். அவள் "சொல்லுங்கண்ணே" என்பாள். அவ்வளவுதான். அவருக்கு அது போதும்.

இரண்டு வருடம் முன்பு ஆற்றில் வெள்ளம் வந்தது. ஐந்து நாள் தொடராக வந்த அந்தக் கட்டுரைகளை ஊரே படித்தது. முக்கியமாக நான்காம் நாள் கட்டுரை. வெள்ளத்தில் சிக்கிய ஒரு பெரியவரைப் பற்றியது. 'படகில் ஓர் இடம் குறைந்தது' என்பது தலைப்பு. ஆசிரியர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டினார். எழுதியவர் பெயர் இல்லை. அந்தப் பத்திரிகையில் யார் பெயரும் போடுவதில்லை, 'நமது நிருபர்' மட்டும்தான்.

பெயர் போடாதது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை, அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதம் ஒட்டப்படும் வரை.

பணியில் இருக்கும் பத்திரிகையாளர்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு மாதப் பயிற்சி. போகவர, தங்க, சாப்பிட எல்லாம் அவர்கள் பொறுப்பு. தாய்மொழியிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் உண்டு. ஒரு பத்திரிகைக்கு ஒருவர்தான். வெளியான கட்டுரைகள் மூன்று வேண்டும். அவை விண்ணப்பிப்பவர் எழுதியவைதான் என்று ஆசிரியரின் கடிதமும் வேண்டும்.

அவள் அதை மூன்று முறை வாசித்தாள். விண்ணப்பத்தில் 'என்ன படித்திருக்கிறீர்கள்' என்ற கேள்வியே இல்லை. 'என்ன எழுதியிருக்கிறீர்கள்' என்றுதான் கேட்டிருந்தார்கள். அவளிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. எட்டு நாள் காதும் காதும் வைத்தாற்போல் பூர்த்தி செய்தாள். ஒன்பதாம் நாள், ஆசிரியர் வருவதற்கு முன் அவர் மேஜைத் தட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று மத்தியானம் ஸ்பீக்கர் படியேறி வந்தார். உருவம் தெரிவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது. கையில் கனத்த சாம்பல் நிறக் கோட்டு.

"அந்த வெளிநாட்டுப் பயிற்சிக்கு எழுதிப் போட்டாச்சு, அங்க பனி கொட்டுமாம்! நடைபாதைக் கடையில பழைய துணிக் குவியல்ல இருந்து உருவினேன். எப்படி இருக்கு?"

அந்த வெயிலில் போட்டும் காட்டினார். கோட்டின் கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது.

"போர்வைக்கு, பட்டன் வச்ச மாதிரி, இருக்குய்யா" என்றார் கமா.

"வீட்லயும் அதேதான் சொன்னா! சிரிக்கட்டும், சிரிக்கட்டும். இருபத்திரண்டு வருஷமா ஆத்தோரமா ஒரே பஸ்ல போயிட்டு வரேன். கடைசி ஸ்டாப்பைத் தாண்டினதில்ல. என் பொண்ணு கிளாஸ் முழுக்கச் சொல்லி வச்சிருக்கா, எங்கப்பா பிளேன்ல போறார்னு." அவள் பக்கம் திரும்பி, "தங்கச்சி, அங்கிருந்தும் உனக்குத்தான் போன் பண்ணுவேன். எடுத்துடு என்ன?" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தானும் போட்டிருப்பதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் ஆசிரியர் இருவரையும் கூப்பிட்டார்.

அவருக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் புத்தியில் ஏறும். பிழையைக் காதுதான் முதலில் பிடிக்கும் என்பார். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் சத்தமாகத்தான் படிப்பார். அன்றும் இரண்டு விண்ணப்பங்களையும் முதலிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

"ரெண்டு பேரும் வெள்ளத் தொடரைத்தான் வச்சிருக்கீங்க. அதே மூணு கட்டுரை. நான் யாருக்குன்னு லெட்டர் கொடுக்கிறது?"

ஸ்பீக்கர் அவளைப் பார்த்தார். "நீயும் போட்டிருக்கியா? ஒரு வார்த்தை சொல்லலையே தங்கச்சி."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

"யார் எழுதினது?" என்றார் ஆசிரியர்.

"என்ன சார் கேள்வி? கழுத்தளவு தண்ணியில நின்னு சொன்னவன் நான். அது டைப் அடிச்சுது." வாசலில் அச்சுப் படியோடு நின்ற கமாவைப் பார்த்ததும் அவருக்கு வழக்கமான உற்சாகம் வந்துவிட்டது. "டைப் அடிச்சதுக்கெல்லாம் வெளிநாடுன்னா, கீழ இருக்கிற அச்சு மிஷினுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணும்!"

கமா சிரித்தார். ஆசிரியரும் சிரித்துவிட்டார். அவள் வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அலமாரிக்கு முன் மண்டியிட்டு, வெள்ள மாதத்து நோட்டை உருவிக்கொண்டு வந்து ஆசிரியர் முன்னால் விரித்து வைத்தாள். இடது பக்கத்தைத் தொட்டு, "அண்ணன் சொன்னது" என்றாள். வலது பக்கத்தைத் தொட்டு, "நான் எழுதினது" என்றாள். ஆசிரியரிடம் அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை.

ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடது பக்கத்தைப் படித்தார்.

"ஹலோ ஹலோ கேக்குதா, எங்க பார்த்தாலும் தண்ணி, பெஞ்சு மிதக்குது, இரு இரு, ஒரு பொம்பளை, பேரு கேக்கல, சாவிக்கொத்தை வாயில கடிச்சிக்கிட்டு நீந்துறா, எந்த வீட்டுச் சாவி, வீடுதான் போயிட்டிருக்கே..."

பிறகு வலது பக்கம்.

"சாவிக்கொத்தைப் பல்லில் கடித்தபடி ஒரு பெண் நீந்தி வந்தாள். அவள் பூட்டிவிட்டு வந்த வீடு அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது."

"அடேயப்பா" என்றார் கமா, நிறுத்தாமல்.

ஆசிரியர் பக்கத்தைத் திருப்பினார். இடது, வலது. இடது, வலது. நேரம் போகப் போக அவர் குரலில் ஒரு வேகம் ஏறியது. புதையல் தோண்டுகிறவர் மாதிரி படித்தார். ஸ்பீக்கர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். தான் பேசிய பேச்சு அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் சிரித்தார். இன்னொரு இடத்தில் தலையைத் தடவிக்கொண்டார்.

"சரி சார்" என்றார் கடைசியில். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "பொய் சொல்லக்கூடாது. இது அவ எழுத்துதான். நான் சும்மா கத்தியிருக்கேன். லெட்டரை அவளுக்கே கொடுங்க. கோட்டு எனக்கும்தான் பத்தல." அவளைப் பார்த்துச் சிரித்தார். "அளவு சரியாயிருந்தா நீயே போட்டுக்க தங்கச்சி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கலங்கலில்தான், ஆசிரியர் இன்னொரு பக்கத்தைத் திருப்பியதை அவள் ஒரு நொடி தாமதமாகப் பார்த்தாள். நான்காம் நாள்.

"சார், அது வேண்டாம்."

சொன்னதாக அவள் நினைத்தாள். உதடு மட்டுந்தான் அசைந்தது. ஒன்பதாம் வகுப்பில் போன அதே குரல்.

"தங்கச்சி, இது எழுதறதுக்கு இல்ல" என்று ஆசிரியர் படித்தார். அவர் வாய் முன்னால் ஓட, புத்தி பின்னால் வந்துகொண்டிருந்தது. "உனக்கு மட்டும் சொல்றேன். பம்பு ரூம் மேல ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் நின்னாங்க. படகுல ஒரு இடந்தான் காலி. படகுக்காரன் என்னைப் பார்த்து, நீங்க இறங்கி மேல நில்லுங்க சார், அடுத்த நடையில வந்து கூட்டிட்டுப் போறேன்னான். நான் பேப்பர்காரன்யா, செய்தி கொடுக்கணும்னேன். இறங்கல. அந்தம்மாவை மட்டும் ஏத்திக்கிட்டு வந்தோம். திரும்பிப் போனப்போ பம்பு ரூமே இல்ல. அழுகை. செய்தியெல்லாம் ஒண்ணும் இல்ல தங்கச்சி, அப்போ போன்ல சார்ஜே இல்ல. பயம். பயந்துட்டேன். அழுகை."

'அழுகை' என்று அவள் குறித்து வைத்ததையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் அவர் நின்றார்.

ஆசிரியரின் கண் மெல்ல உயர்ந்து சுவருக்குப் போனது. கமாவும் அங்கேதான் பார்த்தார். படகில் ஓர் இடம் குறைந்தது. யார் உட்கார்ந்திருந்ததால் குறைந்தது என்று அந்தத் தலைப்பு சொல்லவில்லை. அன்று அவள் ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் காட்டிக்கொடுக்காமல், அந்தப் பெரியவருக்கும் துரோகம் செய்யாமல் எழுத ஒரு வரி வேண்டியிருந்தது. அவள் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்.

ஆசிரியர் நோட்டை மூடினார். "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார் யாரையும் பார்க்காமல். பிறகு கடிதத் தாளை எடுத்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டின் மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார். முதல் முறையாக, எழுதியதை அவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை.

அவள் வெளியே வந்தபோது, முன்னாலேயே எழுந்து போயிருந்த ஸ்பீக்கர் அவளுடைய மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அலமாரிக் கதவு, அவள் அவசரத்தில் விட்டுப்போனபடி திறந்தே கிடந்தது. நோட்டுகளின் முதுகு வரிசையாகத் தெரிந்தது.

"அண்ணே" என்றாள். "நான் வந்து..."

அதற்கு மேல் வரவில்லை. எழுதச் சொல்லியிருந்தால் வந்திருக்கும்.

அவர் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, ஏதோ ஒரு நோட்டை உருவினார். நடுவில் திறந்தார். நின்றபடி இடது பக்கத்தை வாசித்தார். இன்னொரு பக்கம் திருப்பினார். அதையும் வாசித்தார். எந்த வருடத்து நோட்டு என்று அவளுக்குத் தெரியவில்லை. மகளின் காய்ச்சலா, மனைவி ஒரு வாரம் பேசாமலிருந்ததா, ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னதா. எல்லாம்தான் இருந்தது. அவர் போனை வைத்த நேரம்கூட இருந்தது.

நோட்டை மூடி, எடுத்த இடம் பார்த்து அதே இடத்தில் செருகினார். சரியாக மூடாத கதவை அழுத்தி மூடினார். அது திரும்பத் திறந்துகொண்டது. இன்னொரு முறை மூடி, அது நிற்கும் வரை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார்.