துணை விமானியின் சாப்பாடு

அப்பா வாயைத் திறந்தால் விமானம்தான் வரும். ஒரு எஞ்சின் நின்றுபோன விமானத்தை அவர் ஆற்றுமணலில் இறக்கிய கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மழை கொஞ்சம் கூடும், மணல் கொஞ்சம் குறையும். 'நான் பயப்படவே இல்லை' என்றுதான் முடிப்பார். அவருடைய வாழ்க்கையை எழுதித் தருகிறேன் என்று பதிப்பாளரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். யாரைக் குற்றம் சொல்ல?

பகலெல்லாம் பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வீட்டுக்கு வருவேன். வந்ததும் சமையல். அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

விமானத்தில் தலைமை விமானியும் துணை விமானியும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாதாம். கெட்டுப்போனதைத் தின்று ஒருவர் சுருண்டு விழுந்தாலும் மற்றவர் விமானத்தைத் தரையிறக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு மீன் என்றால் அம்மாவுக்கு முட்டை. கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தான். "இந்த வீட்டுல எனக்குத் துணை விமானி உத்தியோகம். சம்பளம்தான் கிடையாது" என்று சிரித்துக்கொண்டே அம்மா இரண்டு அடுப்பையும் பார்த்துக்கொள்வாள். போன வருடம் அவள் போய்விட்டாள். உத்தியோகம் என் தலையில் விழுந்தது.

அலுப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்தால் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இதுல அம்மா எங்கேப்பா?"

"அவ எங்க பறந்தா? வீட்லதானே இருந்தா. நீ நான் புயல்ல பறந்ததைப் பத்தி எழுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மா இல்லாத புத்தகத்தை நான் எழுத மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று பதிவு செய்துகொண்டிருந்த கைப்பேசியை அணைத்துவிட்டு எழுந்தேன். பதிப்பாளரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வந்தது வரட்டும்.

மறுநாள் மருத்துவமனையில் கூட்டமான கூட்டம். வீடு வந்தபோது நிற்கக்கூடத் தெம்பில்லை. சோற்றை வடித்தேன், பருப்பை வேகவைத்தேன், அவ்வளவுதான். இரண்டு தட்டிலும் அதையே போட்டு மேசையில் வைத்தேன். கத்தட்டும், நானும் கத்துகிறேன் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"என்ன சொல்றது? ரெண்டு விமானி இருந்தாத்தானே அந்த விதி? உங்கம்மா போன அன்னைக்கே அது முடிஞ்சு போச்சு."

"அட கடவுளே! அப்போ ஒரு வருஷமா ரெண்டு ரெண்டா சமைச்சு சாகறேனே, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் பாப்பேன். நீ எனக்குன்னு தனியா ஒரு கிண்ணத்தை நகர்த்தி வைப்பே. உங்கம்மா வைக்கிற மாதிரியே இருக்கும். சொல்ல மனசு வராது."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"ஆத்துமணல்ல இறக்கினப்போ நான் பயப்படலைன்னு சொன்னது பொய் இல்லம்மா" என்றார் அப்பா. "நான் விழுந்தாலும் உன்னையும் வீட்டையும் உங்கம்மா பத்திரமா இறக்கிடுவா. அந்தத் தைரியத்துலதான் எல்லாத்துக்கும் போனேன். விழறது நான்தான்னு எப்பவும் நெனச்சிருந்தேன். அவ விழுவான்னு நெனச்சே பாக்கலை."

பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார்.

"எனக்கு இறக்கத் தெரியலைம்மா. ஒரு வருஷமா மேலயே சுத்திக்கிட்டிருக்கேன். அவளைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எங்க போய் முட்டுவேனோன்னு பயமா இருக்கு."

பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"இதை எழுதிக்கோ" என்றார்.

நான் கைப்பேசியைத் தொடவில்லை. "மெதுவா இறங்கலாம்ப்பா. முதல்ல சாப்பிடுங்க" என்று என் தட்டிலிருந்து பாதியை எடுத்து அவர் தட்டில் போட்டேன்.