வேண்டாமென்ற தட்டு

பரோயே தீவுகளில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு பெண் கடற்பறவைக் கறியை வேண்டாமென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கறியில் பாதரசம் இருக்கிறது, பிள்ளை பெறப்போகும் பெண்கள் தொடக்கூடாது என்று டாக்டர்கள் சொன்ன நாளிலிருந்து, ஆண்கள் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம்; பெண்களின் தட்டை மட்டும் கவனிக்கிறோம்.

தலைநகரிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சுன்வாவுக்கு இது தெரியாது. அவள் கடற்பறவை ஆராய்ச்சிக்காரி. நாங்கள் தின்னும் ஃபுல்மார் என்ற கடற்பறவை வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். உடம்பில் பாதரசம் ஏறினால் அந்த ஒன்றையும் அடைகாக்காமல் போய்விடுகிறதா? அதைப் பார்க்க, மறுநாள் அவள் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்க வேண்டும். முட்டையிடும் காலம் தவறினால் அடுத்த வருஷம்தான்.

அன்று மதியம் மாமியார் ராக்னா, உப்பில் ஊறிய ஃபுல்மாரை வேகவைத்துப் பரிமாறினாள்.

"எனக்கு வேண்டாம் அத்தை."

ராக்னாவின் கண்கள் சந்தோஷத்தில் கலங்கின. "எத்தனாவது மாசம்டி?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. இதுல பாதரசம் இருக்கு. நானே அளந்து பார்த்தேன்."

"முதல்ல எல்லாரும் இப்படித்தான் மழுப்புவாங்க."

"எங்கிட்டகூடச் சொல்லலையே!" என்றான் புருஷன் ஹோக்னி.

விருந்துக்கு வந்திருந்த ட்ரொண்டூர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பாறையில் கயிறு பிடிக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். "அப்போ நாளைக்குக் கயிறு கிடையாதும்மா. பிள்ளைத்தாச்சியை நான் தொங்கவிட மாட்டேன்."

"மாமா, சத்தியமா இல்ல!"

"சத்தியம் எதுக்கு? கறிதான் இருக்கே, தின்னு காட்டு."

சுன்வா ஒரு துண்டை எடுத்து மென்று விழுங்கினாள்.

"மரியாதைக்கு ஒரு துண்டு யார் வேணும்னாலும் தின்பாங்க," என்றார் ட்ரொண்டூர். இரண்டாவதையும் தின்றாள். ராக்னா பெருமூச்சு விட்டாள். கயிறு கிடைத்தது.

மறுநாள் அவள் மேலே வந்தபோது, நெருங்கினால் ஃபுல்மார்கள் வயிற்றிலிருந்து துப்பும் எண்ணெயால் தலை முதல் கால் வரை நாறினாள். ஆனால் பெட்டியில், தாய்ப்பறவைகள் கைவிட்டுப்போன முட்டைகள் இருந்தன. நினைத்தது சரி! முகமெல்லாம் சிரிப்பு.

வழியில் பக்கத்து வீட்டு மாரின், நிறைமாத வயிற்றோடு, வாசலில் எலும்பு கடித்துக்கொண்டிருந்தாள்.

"மாரின்! என்ன தின்னுற?"

"ஃபுல்மார்தான். ஆராய்ச்சி பண்ற நீயே நேத்து ரெண்டு துண்டு தின்னியாமே! இத்தனை மாசமா வீணா நாக்கைக் கட்டி வச்சிருந்தேன்."

சுன்வா பெட்டியைத் திறந்து நீட்டினாள். "இதைத் தொட்டுப் பாரு. இந்தக் கறியால வந்த வினை என்னன்னு புரியும்."

மாரின் விரலைத் துடைத்துவிட்டு முட்டையைத் தொட்டாள்.

"சில்லுனு இருக்கே," என்றாள். "வேகவைக்கக் கொஞ்சம் நேரமாகும்."