புகார் நாற்பது சதவீதம் குறைந்தது

என் தம்பி எட்டு மாதமாக வேலை தேடுகிறான். சரியாகச் சொன்னால், வேலை தேடுவது எப்படி என்று எட்டு மாதமாகப் படிக்கிறான். டெக் கம்பெனிகளில் ப்ராடக்ட் மேனேஜர் என்று ஒரு பதவி இருக்கிறது. ஓர் ஆப்பில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எது யார் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். அந்தப் பதவிக்கான இண்டர்வியூவில் எதைக் கேட்டாலும் ஐந்து படிகளில் பதில் சொல்ல வேண்டுமாம். அந்த ஐந்து படிகளைச் சொல்லிக்கொடுக்க ஆன்லைனில் ஒரு வகுப்பு நடக்கிறது. என் தம்பிதான் அதில் முதல் மாணவன். வேலை இல்லாதவனுக்குப் படிக்க நேரம் கிடைப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

வீட்டில் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

“சர்க்கரை தீர்ந்துபோச்சா?” என்றால், “முதல்ல கேள்வியத் தெளிவுபடுத்திக்கணும்க்கா. எந்த டப்பாவுல? எப்போலேர்ந்து?” என்பான்.

“நீ வந்ததுலேர்ந்து,” என்பேன்.

நானும் அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில்தான் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஆனால் கீழ்த்தளத்தில். எங்கள் ஆப்பில் பதிவு செய்தால் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வீட்டுக்கே மெக்கானிக் வருவார். சில சமயம் வர மாட்டார். சில சமயம் வந்து, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவர் போனவர்தான். அப்போது மக்கள் புகார் செய்வார்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தத் திட்டுகளை வாங்கி, மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, வேலையை முடித்துக்கொடுப்பது என் பிரிவு. பன்னிரண்டு பேர் இருந்தோம். இப்போது மூன்று பேர். காரணம், புகார் இரண்டே மாதத்தில் நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. இந்த மாதம் முப்பதாம் தேதி பிரிவையே மூடப்போவதாக மேலிடம் அறிவித்துவிட்டது.

மூடுவதற்கும் ஒரு விதி உண்டு. பட்டியலில் ஒரு புகார்கூடத் திறந்திருக்கக் கூடாது. எல்லாம் தீர்ந்து எண் பூஜ்யத்துக்கு வந்தால்தான் கம்ப்யூட்டர் பிரிவை மூட விடும். ஒரு புகார் தீர்ந்தது என்று நாங்கள் சொன்னால் செல்லாது; கொடுத்தவரே தன் ஃபோனில் ‘திருப்தி’ என்பதை அழுத்த வேண்டும். இந்த விதியை எழுதியவர் நாலாவது மாடி மேலாளர். நாங்கள் அவரை அளவுகோல் என்போம். கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தில் கழிவறைக்குத் தான் எத்தனை அடி நடந்தார் என்றுகூடப் பார்க்கிற மனிதர். அவர் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ஃப்ரிட்ஜ் சரியாகும்போதும் எங்கள் நாற்காலி ஒரு நாள் முன்னால் காலியாகும்.

என் வீட்டுக்காரர் முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். தம்பியைப் பற்றித்தான் சொல்லிவிட்டேன். மாதாமாதம் வீட்டுக்கு வரும் சம்பளம் என்னுடையது ஒன்றுதான். அதனால் கம்பெனிக்குள்ளேயே ப்ராடக்ட் மேனேஜர் இடம் ஒன்று காலி, ஊழியர்களும் விண்ணப்பிக்கலாம் என்று நோட்டீஸ் வந்ததும் யோசிக்காமல் விண்ணப்பித்தேன்.

தம்பி ஆடிப்போய்விட்டான். “நீயா? ப்ராடக்ட் மேனேஜரா?”

“ஏன், அதுக்குக் கொம்பு முளைச்சிருக்கணுமா?”

இருந்தாலும் பாசக்காரன். அன்றிலிருந்து நான் பாத்திரம் கழுவும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பயிற்சி கொடுத்தான்.

“இந்த ஊர்ல மொத்தம் எத்தனை லிஃப்ட் இருக்குன்னு கேப்பாங்க.”

“எனக்கெப்படிடா தெரியும்?”

“யாருக்குமே தெரியாது. சரியான பதில் முக்கியமில்லக்கா. நீ எப்படி யோசிக்கிறன்னுதான் பாப்பாங்க.”

“தப்பாச் சொன்னாலும் பரவாயில்லயா?”

“தப்பா இருக்கலாம். ஆனா வரிசையா இருக்கணும்.”

ஒன்பது வருடத்தில் மேலிடத்திலிருந்து வந்த உத்தரவுகள் எல்லாம் ஏன் அப்படி இருந்தன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவன் இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னான். எந்த எண் ஏறினாலும் இறங்கினாலும், உடனே காரணத்தைச் சொல்லிவிடக் கூடாது. கேள்வியைத் தெளிவுபடுத்து, பயனர்களைப் பிரி, சாத்தியங்களை அடுக்கு, சோதனை சொல், கடைசியாகத்தான் காரணம்.

“காரணம் முன்னாடியே தெரிஞ்சா?”

“தெரியாத மாதிரி அஞ்சு படியும் ஏறணும்.”

இருபத்து மூன்றாம் தேதி இண்டர்வியூ. நாலாவது மாடியில் கண்ணாடி அறை. வெள்ளைப் பலகையில் யாரோ பாதி அழித்த அம்புக்குறிகள், மை காய்ந்த மூன்று மார்க்கர்கள், அலமாரியில் ஒரு கேடயம். புகாரைக் குறைத்ததற்காகப் போன மாதம் அளவுகோலுக்குக் கொடுத்தது. அவர் பக்கத்தில் மனிதவளத் துறை அம்மா லேப்டாப்பைத் திறந்து வைத்துக் குறிப்பெடுக்கத் தயாராக இருந்தார்.

“நம்ம ஆப்லேர்ந்தே ஒரு கேள்வி,” என்றார் அளவுகோல். “புகார் ரெண்டு மாசத்துல நாப்பது சதவீதம் குறைஞ்சிருக்கு. ஏன் குறைஞ்சுது? இதே வெற்றிய மத்த ஊர்களுக்கும் எப்படிக் கொண்டுபோவீங்க? நேரம் எடுத்துக்கங்க. சத்தமா யோசிங்க.”

தம்பியின் ஐந்து படிகளும் நாக்கு நுனியில் நின்றன. முப்பதாம் தேதியும் கண் முன்னால் நின்றது. கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாமா சார் என்று ஆரம்பித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். வாயைத் திறந்தும் விட்டேன்.

அப்போது பார்த்து அந்த ஃப்ரிட்ஜ் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். போன வாரம் என் செல்லுக்கே கூப்பிட்டவர். எப்போதோ நான் அனுப்பிய பழைய மெசேஜிலிருந்து நம்பரைத் தேடி எடுத்திருக்கிறார். ஃப்ரிட்ஜுக்குள் அவர் கணவரின் இன்சுலின். மெக்கானிக் வரவில்லை. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் மருந்தை வைத்துவிட்டு, வேளைக்கு வேளை அவர்கள் கதவைத் தட்டியிருக்கிறார். “எங்க போய்ச் சொல்றதுன்னே தெரியலம்மா. மூணு நாளா அந்த ஆப்பயே தேடிக்கிட்டிருக்கேன்,” என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். தன் பேரில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு பேசினார். அன்றைக்கே ஆளை அனுப்பிச் சரிசெய்துவிட்டேன். ஆனால் அந்தக் கேடயத்துக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் குரலை நினைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“புகார் பொத்தான ஒளிச்சு வெச்சுட்டீங்க சார்,” என்றேன். “அதான் குறைஞ்சுது.”

மனிதவள அம்மா தட்டச்சை நிறுத்தினார். அளவுகோல் மட்டும் புன்னகையை விடவில்லை. “அது ஒரு அனுமானம். எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?”

“இப்பவே பண்ணலாம். உங்க ஃபோன எடுங்க சார். மெக்கானிக் வரலன்னு ஒரு புகார் குடுங்க. நான் மணி பாத்துக்கறேன்.”

எடுத்தார். தன்னுடைய ஆப்தானே என்ற தைரியம். ‘உதவி’ என்பதை அழுத்தினார். அது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து ஒரு பொம்மை எட்டிப்பார்த்து, இன்று உங்கள் நாள் எப்படி இருக்கிறது என்று விசாரித்தது. அவர் ‘மோசம்’ என்றார். பொம்மை அவருக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பனைக் கொடுத்து முதல் பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது. மறுபடி ‘உதவி’. மறுபடி பொம்மை. இரண்டு நிமிடம் ஆனது. மேலே தள்ளினார், கீழே தள்ளினார், ஃபோனைப் பக்கவாட்டில் திருப்பியும் பார்த்தார். நாலு நிமிடம்.

“புது வெர்ஷன்ல எங்கயோ மாத்தியிருக்காங்க,” என்றார்.

“மாத்தினது நீங்கதான் சார்.”

ஃபோனை வாங்கிக் காட்டினேன். ‘எங்களைப் பற்றி’, அதற்குள் ‘சட்ட விவரங்கள்’, அதன் கடைசியில் சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்தில் ‘புகார்’. கீழ்த்தளத்தில் நாங்கள் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறோம். நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிடுகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டுமே.

அவர் ஃபோனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். “நல்ல பார்வை,” என்றார். அந்த மாடியில் ‘நல்ல பார்வை’ என்றால் ‘நீங்கள் போகலாம்’ என்று அர்த்தம்.

வீட்டில் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். “முதல் வாயிலயே காரணத்தச் சொல்லிட்டியா?”

“தெரிஞ்சுது, சொன்னேன்.”

“அவர் ஃபோன்லயே தேட வெச்சியா?”

“டெஸ்ட் பண்ணச் சொன்னாருடா.”

உள்ளே படுத்திருந்த என் வீட்டுக்காரர், “சிரிக்க வைக்காதீங்கப்பா, தையல் பிரியுது,” என்றார்.

மூன்று நாளில் மெயில் வந்தது. என் நீண்ட அனுபவத்தைப் பெரிதும் மதிக்கிறார்களாம். ஆயினும் கட்டமைப்பான சிந்தனை போதவில்லையாம். இடம் வெளியாள் ஒருவனுக்குப் போனது. வாடிக்கையாளர்கள் சந்தோஷமாக இருப்பதால்தான் புகார் குறைந்தது என்று அவன் ஐந்தே படிகளில் நிரூபித்துவிட்டதாக மனிதவள அம்மா லிஃப்டில் என்னிடம் மெல்லச் சொன்னார். தம்பி விசாரித்துப் பார்த்தான். வேலை கிடைத்தவன் இவன் வகுப்பிலேயே இரண்டாவது மாணவனாம். அன்று இரவு தம்பி சாப்பிடவில்லை. நான் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். வேலை கிடைக்காததற்குக்கூட இல்லை. எனக்குச் சிந்திக்கத் தெரியாது என்று அளவுகோல் எழுத்தில் கொடுத்திருக்கிறாரே, அதற்கு.

முகத்தைக் கழுவிக்கொண்டு அந்த மெயிலை இன்னொரு தடவை படித்தேன். கம்பெனியிலிருந்து போகும் எல்லாக் கடிதங்களின் அடியிலும் தானாக ஒட்டிக்கொள்ளும் வரி அதிலும் இருந்தது. ‘இந்த அனுபவத்தில் உங்களுக்குத் திருப்தி இல்லையெனில் எங்கள் ஆப்பில் பதிவு செய்யுங்கள்.’

ஒன்பது வருடமாக அந்த வரியை ஊருக்கெல்லாம் அனுப்பியவள் நான். எனக்கென்று வந்தது அதுதான் முதல் தடவை. ‘எங்களைப் பற்றி’, ‘சட்ட விவரங்கள்’, எறும்பு எழுத்து. வகைகளில் இண்டர்வியூ என்று எதுவும் இல்லை. ‘வந்தவர் தன் வேலையைச் செய்யவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கீழே எழுதினேன்: ‘கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னேன். அவர்கள் கண் முன்னாலேயே நிரூபித்தும் காட்டினேன். பொத்தான் இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை.’

மறுநாள் காலை அது என் பக்கத்து நாற்காலிக்காரர் திரையில் வந்து விழுந்தது. மெதுவாகப் பேசவே தெரியாத மனிதர் என்பதால் அவருக்குக் கணீர் என்று பெயர். அவர்கூட அன்று குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, நீங்க குடுத்ததா இது?”

“நான்தான். எல்லாருக்கும் செய்யற மாதிரியே செய்ங்க.”

சிரமத்துக்கு வருந்துகிறோம், மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று கணீர் பதில் போட்டார். உடனே என் ஃபோன் கேட்டது, திருப்தியா என்று. நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன். மீதி இருந்த புகார்களை நாங்கள் மூவரும் ஒன்றுவிடாமல் தீர்த்தோம். அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

முப்பதாம் தேதி மதியம் ஹெட்ஃபோன்களை எடுத்துப் போக இரண்டு பேர் அட்டைப் பெட்டிகளோடு வந்தார்கள். வந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். பட்டியலில் எண் ஒன்று. மூடும் உத்தரவைக் கம்ப்யூட்டர் மூன்று தடவை மறுத்துவிட்டதாம்.

நாலு மணிக்கு அளவுகோல் இறங்கி வந்தார். எங்கள் தளத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. வழி தெரியாமல் முதலில் ஸ்டோர் ரூமுக்குள் போய்த் திரும்பினார்.

“மேடம், ஒரே ஒரு புகார் நிக்குது. உங்களோடது. அத அழுத்திட்டீங்கன்னா இன்னைக்கே முடிச்சிடலாம்.”

“நீங்களே மூடிடுங்களேன் சார்.”

“முடியாது. குடுத்தவங்கதான் மூட முடியும். அது விதி.”

“யாரு போட்ட விதி சார்?”

அவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். கணீர் இருமினார். பெட்டிக்காரர்களில் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“சரி மேடம்,” என்றார் அளவுகோல். குரலில் முதல் தடவையாக அவசரம் தெரிந்தது. “உங்களுக்குத் திருப்தி வரணும்னா நாங்க என்ன பண்ணணும்? சொல்லுங்க.”

நான் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன். பிரிந்து போனவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகளில் ஒன்றை இழுத்து அவர் முன்னால் போட்டேன்.

“உக்காருங்க சார். முதல்ல கேள்வியத் தெளிவுபடுத்திக்கலாம்.”