பள்ளம் யாருடையது

விடாமல் பெய்த மழையில் பாலகாட் லைன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் வீடுகளுக்குப் பின்னால் தரை வெடித்தது. கீழே மூடிக்கிடக்கும் பழைய சுரங்கம். முதலில் பார்த்தவள் ஜெனிட்டா. அரசு அலுவலகங்கள் எல்லாம் சேர்ந்து அமைத்த பேரிடர்க் குழுவில் அந்தத் தெருவின் தன்னார்வலர் அவள்தான். வெடிப்பைப் படம் எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள்.

பதில்கள் உடனே வந்தன. நகராட்சி, அது சுரங்க நிலம் என்றது. சுரங்க நிலத்தைப் பார்க்கும் அலுவலகம், குடியிருப்பு நகராட்சிப் பொறுப்பு என்றது. எந்தத் துறை தலைமை என்று முடிவானதும் கிளம்புகிறோம் என்றார்கள் தீயணைப்புக்காரர்கள். தாலுகா ஆபீஸ் கும்பிடும் கைகள் எமோஜியை அனுப்பியது. பேரிடர் ஒத்திகை நடந்த அன்று எல்லாரும் ஒரே மைதானத்தில் நின்றிருந்தார்கள். அன்றைக்கு எல்லாம் கச்சிதமாக நடந்தது.

இனி காத்திருக்க முடியாது என்று ஜெனிட்டா வீடு வீடாகக் கதவைத் தட்டி ஜனங்களை சர்ச் ஹாலுக்குக் கிளப்பினாள். பக்கத்து வீட்டு நளினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் மனோகர் பாதி வழியில் திரும்பினான்.

"ஆட்ட அவுத்து வுட்டுட்டு வந்துட்றேன்."

"வேணாண்ணா, நெலம் பொளந்துனு கீது!" என்று கத்தினாள் ஜெனிட்டா.

"தோ, வந்துட்டேம்மா."

அவன் ஆட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் கொட்டகையோடு தரை உள்ளே இறங்கியது.

அதன்பிறகு எல்லாத் துறை வண்டிகளும் வந்தன. பள்ளத்துக்குள்ளிருந்து மனோகரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்றார். இறங்கலாம் என்று உத்தரவு தர வேண்டியது யார் என்று அதிகாரிகள் போனில் விசாரித்தார்கள். உத்தரவு வந்தபோது குரல் நின்றுபோயிருந்தது.

ஆய்வுக் கூட்டம் பக்கத்து ஊரான பங்காருபேட்டையில் நடந்தது. எல்லாத் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட்டதாக அதிகாரி சொன்னார். "நம் தன்னார்வலர் எச்சரித்தும் மனோகர் திரும்பிப் போனதுதான் சாவுக்குக் காரணம்." ஜெனிட்டாவுக்குக் கைதட்டினார்கள்.

அவள் எழுந்தாள். "சார், நான் கூப்டப்ப யாரும் வரலியே. அவரு உள்ளேர்ந்து கத்தினப்பவும் கயிறு மேலயேதானே இருந்திச்சி?"

"அதெல்லாம் நடைமுறை. உக்காரும்மா."

நளினி கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே பஸ் ஸ்டாப்பில் ஜெனிட்டா அவள் கையைப் பிடித்தாள். நளினி உதறினாள்.

"தப்பு அவரு மேலதான்னு ஒன்ன வெச்சே சொல்லிட்டாங்க இல்ல? நீயும் அவங்க ஆளுதான."

பஸ் வந்தது. நளினி ஏறினாள். ஜெனிட்டா அதே பஸ்ஸில் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.