மச்சினனின் மூன்று மாசக் கணக்கு

என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கியவன் வேற்றாள் இல்லை, என் மனைவியின் தம்பி. ஒரே டிப்போவில் இரண்டு பேரும் டிரைவர். அன்று சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வண்டியை எடுத்தது என் தப்புதான். பாதி வழியில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது. உடனே ஓரம் கட்டி, பயணிகளை இறக்கி வேறு வண்டியில் ஏற்றிவிட்டேன். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பின்னால் வேறு வண்டியில் வந்த இந்த மகராசன் மேனேஜரிடம் போய், "மாமா ஸ்டியரிங்லயே தூங்கிட்டாரு சார்" என்று வத்தி வைத்தான். மறுநாள் என் ரூட் அவன் கையில். எனக்கு டீசல் பம்ப் பக்கத்தில் ஒரு நாற்காலி.

மேனேஜர் சொன்னது இதுதான்: மூன்று மாசம் கழித்து, நாற்பது வயதைத் தாண்டிய டிரைவர்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வண்டி, இல்லாவிட்டால் நாற்காலி.

மச்சினனுக்கு நாற்பத்திரண்டு. அவனுக்கும் சர்க்கரை உண்டு. டிப்போவில் மறைத்து வைத்திருந்தான், குடும்பத்துக்குத் தெரியும். நானும் போட்டுக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. அவன் ரத்தமே அவனைக் காட்டிக் கொடுக்கட்டும் என்று கறுவிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்கு ஒன்று சொல்லியிருந்தாள். "சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடங்கண்ணே. கால் சதை வேலை செஞ்சா சர்க்கரைய அதுவே இழுத்துக்கும். மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க. அப்புறம், இது மூணு மாசச் சராசரி பாக்குற டெஸ்ட். முந்தின நாள் பட்டினி கிடந்தெல்லாம் ஏமாத்த முடியாது."

நடந்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் டிப்போ மதிலைச் சுற்றிப் பத்துச் சுற்று. கிரீஸ் மணக்கும் ஷெட், வண்டி கழுவும் இடம், டயர் குவியல், மறுபடி ஷெட். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில். முதல் வாரம் முட்டி விண்விண் என்று தெறித்தது. ஒவ்வொரு அடியையும் அவன் முதுகில் வைப்பதாக நினைத்துக்கொண்டேன், வலி பறந்துவிட்டது.

"என்ன மாமா, பஸ்ஸ விட்டுட்டு நடராஜா சர்வீஸா?" என்று என் வண்டியின் சன்னல் வழியாகவே கேட்டுச் சிரித்தான். மெக்கானிக்குகளும் சிரித்தார்கள். சிரிடா, சிரி. எனக்கும் ஒரு காலம் வரும்.

பரிசோதனைக்கு நான்கு நாள் முன்பு டீசல் போட வந்தவன் குழைந்தான். "மாமா, ரெண்டு நாள் பட்டினி கிடந்தா சர்க்கரை இறங்கிடும்ல?"

"இறங்கும் மாப்ள" என்றேன். பொய் இல்லை. அன்றைய சர்க்கரை இறங்கத்தான் செய்யும்.

கிடந்தான். கன்னம் ஒட்டி வந்து விரலை நீட்டினான். அன்றைய அளவு நூற்றெட்டு! மீசையைத் தடவிக்கொண்டான். அடுத்த நாள் மூன்று மாசக் கணக்கு வந்தது. ஏழுக்குள் இருந்தால் கட்டுக்குள் என்று அர்த்தம். எனக்கு ஆறு புள்ளி ஒன்பது. அவனுக்குப் பத்து புள்ளி நாலு.

மேனேஜர் சாவியை என் கையில் கொடுத்தார். அவன் டீசல் பம்ப் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவன் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தி, "நிறைய ஊத்துப்பா" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் மூன்று மாசக் கொதிப்பு அடங்கியது. மனசு குளிர்ந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டில் மனைவி கதவருகிலேயே நின்றாள்.

"அது மூணு மாசக் கணக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனும் நடந்திருப்பான்ல?"

"நடந்திருப்பான். அதனாலதான் சொல்லல."

ஒரு சண்டையை எதிர்பார்த்தேன். அவளோ எனக்குத் தட்டு வைத்துவிட்டுப் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "சாப்பிட்டியா? செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பி வா. இனிமே தினம் நடக்கப் போறோம். தனியா நடந்தா அலுத்துப்போகும்டா, அக்கா கூட வர்றேன்."

மூன்று மாசம் நான் தனியாகத்தான் நடந்தேன். எனக்கு வயிறு எரிந்தது.